அக்கா மண் தின்னவில்லை

அக்கா மண் தின்கிறாள் என்ற சந்தேகம் முதலில் அம்மாவுக்குத்தான் வந்தது. விருத்தாசலத்தில் எங்கள் தெருவில் அது பெரிய அதிசயமில்லை. அப்பா பீங்கான் பொம்மை செய்கிறவர். பின்கட்டில் ஈரச்சாக்கு போர்த்திய வெள்ளை மண் உருண்டைகள் எப்போதும் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் சோறு வேண்டாமென்று இளைத்தால் வேறு என்ன தோன்றும்?

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அக்கா ஒன்பதாவது, நான் நான்காவது. அக்கா தட்டில் சோற்றைப் பரப்புவாள், பிசைவாள், ஓரத்துக்குத் தள்ளுவாள், "வயிறு நெறைஞ்சிடுச்சும்மா" என்று எழுந்துவிடுவாள். எனக்குப் பரிமாறும்போது மட்டும் தாராளமான கை.

அம்மா அவளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நகக்கண்ணைப் பார்த்தாள். வாயை ஊதச் சொல்லி முகர்ந்தாள். அப்பா காலையில் உருண்டைகளை எண்ணிவிட்டுச் சூளைக்குப் போய், மாலையில் வந்து மறுபடி எண்ணினார். கருவேப்பிலங்குறிச்சி அத்தை பூச்சி மருந்தோடு வந்து இறங்கினார்.

"மண்ணத் தின்ற கழுதைக்கு சோறு எப்டி எறங்கும்? கையக் கட்டிப் போடுங்க."

இதே அத்தைதான் அக்காவின் மஞ்சள் நீராட்டு அன்று, பந்தியில் எல்லார் முன்னாலும், "ஏண்டா தம்பி, இந்தப் பொம்மைக்கு மட்டும் மண்ண ஜாஸ்தியா வெச்சிட்டியே" என்று அப்பாவைக் கேலி செய்தவர். பந்தியே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். "நீ அவ கூடவே இரு. மண்ண வாயில வெச்சான்னா ஓடியாந்து சொல்லு."

பழைய நோட்டு ஒன்றில் நாளுக்கு ஒரு வரி எழுதத் தொடங்கினேன். திங்கள், மண் தின்னவில்லை. செவ்வாய், மண் தின்னவில்லை. வேவு பார்ப்பதில் நான் ஒருநாளும் தவறவில்லை.

பின்கட்டில் நான் கண்டது வேறு. சாக்கு பறக்காமலிருக்க அப்பா விரிசல் விட்ட பீங்கான் வளையம் ஒன்றை அதன்மேல் வைத்திருந்தார். அக்கா அதற்குள் கையை விட்டு மேலே தள்ளுவாள். நிற்கும் இடத்தில் நகத்தால் கீறிக்கொள்வாள்.

"என்னக்கா இது?"

"வெளையாட்டுடி. அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. அம்மா கேட்டது மண்ணைப் பற்றி மட்டுந்தானே. ஆனால் நோட்டின் பின்பக்கத்தில் வளையம் ஏறிய கணக்கையும் ஒழுங்காக எழுதி வந்தேன். முழங்கையை அது தாண்டிய அன்று கைதட்டினேன். வெகுநாளைக்குப் பிறகு அக்கா சிரித்தாள்.

"இன்னும் மேல ஏறணும்டி. பாரு, எவ்ளோ சதை" என்று கையை நீட்டினாள். எனக்கு எலும்புதான் தெரிந்தது. ஒன்பதாவது படிக்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பள்ளியில் பிரார்த்தனை வரிசையில் விழுந்தாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நோட்டையும் எடுத்துப்போனோம். மண் தின்கிறாள் என்று அத்தை அங்கேயும் அடித்துச் சொன்னார். நான் எழுந்து நின்று ஒரு வரி விடாமல் படித்தேன். டாக்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, சோறு எவ்வளவு தின்னா?" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். என் நோட்டில் சோறு என்ற சொல்லே இல்லை.

அக்கா பிழைத்தாள். தேற இரண்டு வருடமாயிற்று. இன்றும் விருந்துக்கு வந்தால் சோற்றைப் பரப்புகிறாளா என்று என் கண் தானாகப் போகிறது. உடம்பு உருகினாலும் இன்னும் பருமன் என்றே நம்ப வைத்துப் பட்டினி போடும் நோய் ஒன்று உண்டு, அதற்கு அனோரெக்சியா என்று பெயர் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் ஒரு வார இதழில் படித்தேன். அன்றைக்கே பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் பின்பக்கத்தைப் புரட்டச் சொல்லவில்லை. அது விளையாட்டுக் கணக்கு என்பதால் நானும் காட்டவில்லை. கடைசி வரி என் குண்டுக் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "வெள்ளி. வளையம் முழங்கையைத் தாண்டியது. அக்கா ஜெயித்துவிட்டாள்."