அரையிறுதியில் ஆடாத மரியதாஸ்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவந்த மரியதாஸ் அவர்கள் போன செவ்வாய்க்கிழமை காலை இறந்துபோனார். ராயபுரத்தில் தம் வீட்டு வாசலில் வேலைக்குக் கிளம்ப சைக்கிளை எடுத்தவர், மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவில்லை.

தண்டையார்பேட்டையில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கும் என் கடைக்குச் செய்தி கொண்டுவந்தவர் மூட்டை இறக்கும் கன்னியப்பன். "மொதலாளி, ஜகா தாஸு பூட்டாரு" என்றார். நான் ஒரு தார்ப்பாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கல் மனசு என்று யாரும் எண்ண வேண்டாம். கை செய்துகொண்டிருந்த வேலையைக் கை செய்து முடித்தது, அவ்வளவுதான். அப்புறம் காசிமேட்டுக்குப் போய் ஐஸ் கட்டிக்குச் சொன்னேன். பெட்டிக்குச் சொன்னேன். சர்ச் சாமியாரைப் பார்த்து அடக்கப் பூசைக்கு நேரம் கேட்டேன். இதை எழுதும் இந்த நிமிஷம் வரை எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பின்வாங்குவதை எங்கள் பக்கத்தில் ஜகா வாங்குவது என்பார்கள். இத்தனை பெரிய ஆட்டக்காரருக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்பதைத் தெரியாதவர்களுக்காகவும், தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என்னைவிட அவர் சில வயது மூத்தவர். ரயில்வே யார்டுக்குப் பின்னால் இருந்த மணலில் வெறுங்காலோடு கால்பந்து ஆடி வளர்ந்தவர். ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையின் நடு ஆள். ஆட்டத்தில் அவர் அதிகம் ஓடி நான் பார்த்ததில்லை. எதிராளி உயரத் தூக்கியடிக்கும் பந்து எங்கே இறங்குமோ, அங்கே முன்கூட்டியே போய் நின்றிருப்பார். தலையால் ஒரே முட்டு. பந்து பாதி மைதானம் தாண்டிவிடும். "தலையா அது, துறைமுகத்துச் சொவரா?" என்று எதிரணிக்காரர்களே கேட்பார்கள்.

ஆட்டத்துக்காகத்தான் துறைமுகத்தில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். கிரேனில் உட்கார்ந்து அந்தரத்தில் தொங்கும் சாமானையே பார்த்திருப்பதால் உயரப் பந்து அவர் கண்ணுக்கு நிற்கிறது என்று ஒருமுறை நான் பெருமையாகச் சொன்னேன். சிரித்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. பந்து எறங்குற எடத்துல நின்னா போதும். ஓடுறவன் எல்லாம் லேட்டா கெளம்பினவன்."

அறுபதுகளில், ஆசிய நாடுகள் கூடிய ஒரு பெரிய போட்டிக்கு நம் நாட்டு அணியில் அவரை எடுத்தார்கள். எங்கள் தெரு கிளப்பிலிருந்து நாட்டுக்காக ஆடப் போன முதல் ஆள் அவர். முதல் ஆட்டங்களில் பின்வரிசையில் மூன்று பேர், நடுவில் இவர். எதிர்த்த அணிகள் நீளமாகத் தூக்கியடித்தே ஆடின. இவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. டீக்கடை ரேடியோவில் ஆங்கிலத்தில் ஓடும் வர்ணனையை ரயில்வே கிளார்க் சாமுவேல் சார் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொல்வார். அவர் வாயிலிருந்து வரும் பாதி வார்த்தை 'தாஸ்' என்றே இருக்கும். கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அரையிறுதி வந்தது. ஆடப்போகும் பதினோரு பேரின் பெயரையும் சாமுவேல் சார் சொல்லி முடித்தார்.

"சார், நம்மாளு பேர வுட்டுட்டியே" என்றான் சேகர். கிளப்பின் வலது ஓரத்தில் ஆடுபவன். அப்போது மீசை கருத்துவந்த வயசு.

"நான் வுடல. அவன் சொல்லல."

"ஸ்டாப்பர் இல்லாம இன்னாத்த ஆடுவாங்க?"

"பின்னால நாலு பேர வரிசையா நிறுத்திக்கீறாங்களாம். புது முறையாம்."

"புது முறையாவது பொடலங்காயாவது! கல்கத்தாகாரன் வேலை சார் இது. மெட்ராஸ்காரன்னா அவ்ளோ எளக்காரம்."

ஆட்டம் கடைசி வரை சமமாகப் போனது. முடியப் போகும் நேரத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர். மூலையிலிருந்து உயரமாக வந்த பந்தை அவர்கள் ஆள் ஒருவன் எம்பித் தலையால் முட்டினான். கோல். நம் அணி போட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

யாரும் நகரவில்லை. சேகர் மட்டும் ரேடியோவைப் பார்த்துக் கத்தினான்: "அண்ணாத்த இருந்திருந்தா அந்த பந்து எண்ணூருக்குப் போயிருக்கும்டா!"

அந்த வாக்கியம் அன்று புறப்பட்டதுதான். இன்னும் நிற்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது மாலையோடு சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போனோம். வரவேற்பு பாதி, அணிக்குப் பயிற்சி கொடுத்த கோச்சைத் திட்டும் ஆசை பாதி. கையில் பையோடு இறங்கினார். மெலிந்திருந்தார்.

"சொல்லுண்ணாத்த, எவன் உன்ன ஒக்கார வெச்சான்? பேர மட்டும் சொல்லு. பேப்பர்ல போட்டு நாறடிச்சிடலாம்" என்றான் சேகர்.

"நான்தான்" என்றார்.

"இன்னா, நீதான்?"

"நான்தான்டா கோச்சாண்ட சொன்னேன். இந்த மேட்சுக்கு என்ன எடுக்காதீங்கன்னு."

சேகர் அவர் முகத்தையே பார்த்தான். "பயந்துட்டியா?"

"ஆமா. டீமுக்காகப் பயந்துட்டேன்."

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் காய்ச்சல் என்றோ முழங்கால் வலி என்றோ ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். ஊரும் ஏற்றுக்கொண்டிருக்கும். இவர் ஆமாம் என்றார். ராயபுரம் பாலம் தாண்டுவதற்குள் அந்த ஆமாம் மட்டும் மிஞ்சி, மீதி உதிர்ந்துபோனது. சேகர் மாலையைச் சாமான் வண்டி மேல் வைத்துவிட்டு நடந்தான். அன்றைக்கே பெயர் ஒட்டிவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்தார். ஏன் ஆடவில்லை என்று நானாகக் கேட்டேன். இரண்டு சாக்குக் கட்டை இழுத்துப் போட்டுக் காட்டினார்.

"தோ, அவங்க டீம்ல கோல் போடுற ஆளுங்க, இவன் ஒருத்தன், அவன் ஒருத்தன். ரெண்டு பேரும் நடுவுலயே நிக்கிறானுங்க. தூக்கியே அடிக்கிறதில்ல. தரையோட தரையா கொடுத்து வாங்கிக்கினு குறுக்கால பூந்து பூந்து மாறுறானுங்க. நமக்கு மேட்சு இல்லாத அன்னிக்கு கேலரில குந்திகினு பார்த்தேன் நைனா. ஒருத்தனத்தான் நான் புடிப்பேன். இன்னொருத்தன் என் முதுகாண்ட போவான். நான் திரும்பறதுக்குள்ள கோலு. எனிக்குத் திரும்பறது வராது. அது எனிக்கு நல்லாத் தெரியும்."

"கோச் இன்னா சொன்னாரு?"

"மொதல்ல ஒத்துக்கல. நாட்டு சட்டைய வேணாம்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்னாரு. சட்டை என்னோடது இல்லியே சார்னேன். சாயங்காலம் வரிக்கும் யோசன பண்ணாரு. அப்புறம் நாலு பேர வெச்சாரு. அந்த ரெண்டு பேரும் அன்னிக்கு ஒயுங்கா ஒரு ஷாட் அடிக்கல, தெரியுமா?"

"அந்த கோலு?"

சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"அது என் பந்துதான். நான் நின்னிருந்தா அது உள்ள போயிருக்காது. ஆனா அதுக்கு முன்னாலயே நாலு பூந்திருக்கும். இத்த யாராண்ட காட்டுறது? ஒரு மேட்ச ரெண்டு தபா ஆட முடியாதே நைனா."

நான் வியாபாரி. விற்கிற சரக்கின் குறையை நானாகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் துறைமுக வாசலில் கிழிந்த சாக்கு பொறுக்கிக்கொண்டே இருந்திருப்பேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஆடியிருப்பேன். நாலு கோல் விழுந்திருந்தால் பழியைக் கோச் தலையில் கட்டியிருப்பேன். ஊரும் எனக்கு மாலை போட்டிருக்கும். அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆட்டம் அவ்வளவு தெரியாது. அதனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை என்பது மட்டும் தெரியும்.

நாட்டு அணிக்கு அவரை மறுபடி கூப்பிடவில்லை. தன்னையே நம்பாத ஆளை நாங்கள் எப்படி நம்புவது என்று தேர்வுக் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. எங்கள் கிளப்பும் மெல்ல விட்டுவிட்டது. விலக்கினோம் என்று யாரும் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவர் கிரேன் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் சுவரோரம் நின்று ஆட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மனைவி ரோசி அண்ணிதான் அதிகம் பட்டார். மீன் வாங்கப் போனாலும் 'ஜகா பொண்டாட்டி'. அண்ணி பதில் பேசியதே இல்லை.

போன செவ்வாய்க்கிழமைதான் பேசினார்.

மத்தியானம் கிளப் ஆட்கள் வந்தார்கள். சேகருக்கு இப்போது சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது. கிளப் தலைவரும் அவர்தான். கையில் மடித்த கிளப் சட்டை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமான அழுகை. அண்ணி வாசலில் நின்றார்.

"அண்ணி, பொட்டிய நாங்கதான் தூக்குவோம். இந்த சட்டையும் அவரோட குழிக்குள்ள போவணும்."

"இன்னாத்துக்கு?"

"எங்க ஸ்டாப்பர் அண்ணி அவரு! கல்லறையில நானே நாலு வார்த்த பேசறேன். அண்ணாத்த இருந்திருந்தா அந்த கோலு வுழுந்திருக்காதுன்னு ஊரே கேக்குற மாதிரி சொல்றேன்."

"அத்த சொல்றதுக்குன்னா வூட்டுப் படி ஏறாத."

சேகருக்கு ஒன்றும் புரியவில்லை. "புகழ்ந்துதான அண்ணி சொல்றேன்!"

"இத்தினி வருசமா இதத்தான்டா பாட்டா பாடிக்கினு கீறீங்க. இருந்திருந்தான்னா இன்னா அர்த்தம்? ஏன்டா இல்லன்னு அர்த்தம். அது அந்த மனுசன் காதுல வுழாத நாளு கெடையாது. பொணத்து மேலயும் அத்தயே வெக்கணுமா?"

அண்ணி சொல்லும்வரை எனக்கும் அது அப்படித் தோன்றியதில்லை. ஐஸ் கரைந்து வாசல் வரை ஓடிக்கொண்டிருந்தது. பூசைக்கு நேரம் நெருங்கியது. இரண்டு பக்கமும் இறங்கி வராது என்று தெரிந்ததால் நான் நடுவில் புகுந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அண்ணி முதலில் கேட்டது: மரியதாஸ் எடுத்த முடிவு சரி என்று சேகர் கல்லறையில் சொல்ல வேண்டும்.

சேகரை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டேன். "பொய் சொல்ல மாட்டேன் மொதலாளி" என்றார். "அந்த கோலு இன்னிக்கும் காதுல கேக்குது. அண்ணாத்தயே பொய் சொல்லாத ஆளு. அவர் குழியாண்ட நின்னு நான் சொல்லுவனா?"

"பொய்யும் வேணாம், நெஜமும் வேணாம். சும்மா நிப்பியா?"

சேகர் கையிலிருந்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "எனிக்கு அதான் மொதலாளி கஷ்டம்" என்றார். பிறகு தலையை ஆட்டினார்.

உள்ளே போய்ச் சொன்னேன். "அண்ணி, சரின்னு அவன் வாயில வராது. ஆனா வாய மூடிக்குவான். அது கெடைக்குது."

"அது போதுமா தம்பி?"

"இன்னிக்குக் கெடைக்கிறது அவ்ளோதான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எவ்ளோ நேரத்துக்கு?"

அதையும் பேசி முடித்தேன். நாலு மணிக்குப் பெட்டி கிளம்பியது. முன் பக்கம் சேகர் தோள் கொடுத்தார். துறைமுகத்தில் வேலை முடிந்த ஆட்கள் அப்படியே அழுக்குச் சட்டையோடு பின்னால் வந்தார்கள். கல்லறையில் சாமியார் செபித்தார். பெட்டி இறங்கும்போது சேகரின் தாடை ஆடியது. உதடு திறக்கவில்லை. எதிரே நின்று அண்ணி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணாத்த, போய் வாருங்கள். உங்களுக்காக ஊரிடம் இத்தனை வருஷமும் யாரும் பேசவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நான் பேசியது இந்த ஒரு நாள்தான். கிடைத்தது கொஞ்சம்தான். முடிவானதைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டிலிருந்து கல்லறை வரை கிளப் ஆட்கள் தூக்குவார்கள். சட்டை பெட்டி மேல் இருக்கலாம். குழிக்குள் போகாது, சேகர் எடுத்துப் போய்விட வேண்டும். கடைசிப் பிடி மண் விழும்வரை அந்தக் கோலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவரவர் வாய்.