புளி போட்டு மினுக்கிய நாணயம்

நாங்கள் கனடா போகப்போகிறோம் என்பதை மாமாவுக்குச் சொன்னது அம்மா அல்ல. வளைகுடாவில் நாங்கள் அப்போது இருந்த அல் குசைஸில் அவருக்கு முடி வெட்டுகிறவர். விசா கைக்கு வரும்வரை யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று அம்மா இருந்துவிட்டாள். அந்த 'யாருக்கும்' என்பதில் ஒரே அண்ணனான தானும் அடக்கமா என்பதுதான் மாமாவின் கோபம். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே கட்டடத்தில் அவர் இரண்டாம் மாடி, நாங்கள் ஐந்தாம் மாடி. லிஃப்டில் எதிர்ப்பட்டால் இருவரும் எண்கள் மாறுவதையே வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் நான் நிற்பேன். எட்டு வயது, இருவருக்கும் செல்லம். எனக்கும் இருவர்மேலும் உயிர்.

மாமா பழைய நாணயங்கள் சேர்ப்பவர். நாங்கள் விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒன்றைக் காட்டினார். ரோமர் ஆண்ட காலத்தில் துருக்கிப் பக்கத்து நகரம் ஒன்று அடித்ததாம். ஒரு பக்கம் பேரரசரின் தலை. மறுபக்கம் இரண்டு பெண்கள் கை கோத்து நின்றார்கள். அவர்கள் ஆளுக்கொரு நகரமாம். யார் பெரிது என்று சண்டை பிடித்த நகரங்கள் ராசியானால் இப்படி அடிப்பார்களாம்.

"இதைக் கொம்மாட்டக் குடு. ஒண்டும் சொல்ல வேண்டாம்."

எனக்கு அது கரும்பச்சையாக, அழுக்குப் பிடித்ததாகத்தான் தெரிந்தது. அம்மாவுக்குக் கொடுப்பதை இப்படியா கொடுப்பது? குத்துவிளக்குக்கு அவள் செய்வதுபோலவே புளியும் உப்பும் போட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பியால் தேய் தேய் என்று தேய்த்தேன். நாணயம் பளபளத்தது. பெண்கள்தான் வெறும் இரண்டு மேடுகளாகிவிட்டார்கள். கைகளைக் காணவில்லை.

அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"ஐயோ, அண்ணை ஒருத்தரையும் தொட விடாத காசெல்லே இது! என்னடி செய்தனீ?"

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ என்னை இழுத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி ஓடினாள். மாமா கதவைத் திறந்தார்.

"அண்ணை, பிள்ளை தெரியாமல்..." என்று நாணயத்தை நீட்டியவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உங்களுக்குச் சொல்லாமல் விட்டது என்ரை பிழை, அண்ணை."

"சரி, சரி. உள்ளுக்கை வா. தேத்தண்ணி போடுறன்" என்றார் மாமா.

நாணயத்தை வாங்கியவர், அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் செருப்புத் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாமாவுக்கு அந்த நாணயம் அவ்வளவாகப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.