ஜன்னலுக்கு ஏறிய விளக்குகள்

முழங்கால் தண்ணீரில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் காவி வாளியோடு என் மச்சான் தெருவில் நடந்துபோகும் காட்சிதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. மழை விட்டிருந்தது. வானமும் வீடுகளும் தண்ணீரில் அசைந்தன. ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு கொட்டாங்குச்சி காவியைக் கரைத்துக் கொடுப்பார். "தண்ணி எதுவரைக்கும் ஏறுதோ, சுவத்துல அங்க ஒரு கோடு போட்டு வைங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் கடலூர் நகராட்சியில் ஓவர்சியர். நான் அதே அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். ரோடு வரையச் சொன்னால் ஆறு வரைவான் என்று பெயர் வாங்கியவன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஊர் அப்போது தினமும் ஒரு வீடாக வளர்ந்துகொண்டிருந்தது. நடுவில் கிடந்த பெரிய குளத்தைத் தூர்த்து மனை போட்டுவிடலாம் என்று நகர்மன்றத்தில் பேச்சு. தூர்த்தால் அந்தத் தெருவே மழைக்கு மழை மூழ்கும் என்பது மச்சானின் கட்சி. அதை அளந்து காட்டு என்றார் சேர்மன். அதற்குத்தான் இந்தக் காவி.

தண்ணீர் வடிந்தபின் கோடுகளை அளந்து படம் போட்டேன். நீல மசியில் நானே மயங்கும்படி அழகாக வந்தது. ஆனால் அதில் தண்ணீர் ஒரு வீட்டில் கணுக்கால், அடுத்த வீட்டில் கூரை, அதற்கடுத்த வீட்டில் வறண்ட தரை என்று குரங்கு மாதிரி தாவியது. விஷயம் பிறகுதான் புரிந்தது. தண்ணி ஜாஸ்தி ஏறின வீட்டுக்கு சர்க்கார் உதவி வரும் என்று யாரோ கிளப்பிவிட்டதில், பாதிப் பேர் ஏணி வைத்துக் கோடு போட்டிருந்தார்கள். பெண் கொடுக்க இருந்தவர்களும் குடித்தனம் விட இருந்தவர்களும் வீட்டில் தண்ணீர் ஏறுவது வெளியே தெரியக்கூடாதென்று போட்ட கோட்டைச் சுண்ணாம்பால் அழித்துவிட்டார்கள். மன்றத்தில் சிரிப்பு அடங்கவில்லை. "என்னா ஓவர்சியரே, உம்ம தண்ணி மாடிப்படி ஏறத் தெரிஞ்ச தண்ணியா?" என்றார் சேர்மன். அடுத்த கூட்டத்தில் குளத்துக்கு முடிவு கட்டுவது என்றாயிற்று.

மட்டம் பார்க்கும் கருவி ஒன்றை இரவல் கேட்டு இருவரும் சிதம்பரம் போனோம். கருவி ரிப்பேரில் இருந்தது. போனதற்கு நான் நன்றாகச் சாப்பிட்டேன்; மச்சான் காப்பிகூடத் தொடவில்லை. திரும்பி வந்து இறங்கியபோது மறுபடி மழை பெய்து ஓய்ந்திருந்தது. அன்று கார்த்திகை தீபம். பௌர்ணமி நிலாவை மேகம் மூடியிருந்தது. ஸ்டேஷன் மேம்பாலத்தின் உச்சியில் மச்சான் சட்டென்று நின்றார்.

கீழே தெரு இல்லை, விளக்குகள்தான் இருந்தன. மேட்டில் அகல்கள் வாசற்படியில் வரிசையாக எரிந்தன. பள்ளம் வர வர அந்த வரிசை வீட்டுச் சுவர்களில் மெல்ல உயர்ந்தது. வாசற்படி மூழ்கிய வீட்டில் விளக்கு ஜன்னலுக்கு ஏறியிருந்தது. ஒவ்வொரு சுடருக்கும் கீழே தண்ணீரில் இன்னொரு சுடர் நடுங்கியது. ஊரே காற்றில் மிதந்துபோகிற மாதிரி இருந்தது.

"மாப்ள, சாமிக்கு வைக்கிற விளக்குல எவனும் பொய் சொல்ல மாட்டான். விளக்கு நிக்கிற எடத்துக்குக் கீழதான் தண்ணி மட்டம். வரைஞ்சிக்கினே இருங்க. சேர்மனைக் கூட்டியாறேன். காத்தடிக்காம பாத்துக்குங்க!"

காற்றடிக்காமல் நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? என்னால் முடிந்தது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வரிசை நடுவில் ஒரு வீடு மட்டும் இருண்டு கிடந்தது. அது பீவியம்மாவின் வீடு. அவர்களுக்குக் கார்த்திகை கிடையாது. பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த ஜன்னலிலும் ஓர் அரிக்கேன் விளக்கு ஏறியது. வழியில் பீவியம்மா மச்சானை மறித்து விவரம் கேட்டு, விளக்கைக் கொண்டுவந்து மாட்டினாராம். "சுவத்துக் கோட்டை நாந்தான் அழிச்சேன், மவ நிக்காஹ் முடியட்டும்னு. அல்லாஹ் புண்ணியத்துல முடிஞ்சிபோச்சு. இனிமே எங்க வூட்டுத் தண்ணியையும் எழுதிக்குங்க."

சேர்மன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விளக்கு வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். "அங்க நடுவுல பெருசா இருட்டா இருக்குதே, அது இன்னாய்யா?"

"அதாங்க குளம். தெருத் தண்ணியில பாதியை அதுதான் வாங்கி வச்சிருக்குது. அதைத் தூத்துட்டா, அடுத்த கார்த்திகைக்கு அவுங்க விளக்கைக் கூரை மேலதான் வைக்கணும்" என்றார் மச்சான்.

சேர்மன் வந்த வழியே படியிறங்கிப் போனார். அடுத்த கூட்டத்தில் குளத்தைப் பற்றிய பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அதற்குப் பிறகும் யாரும் எடுக்கவில்லை. அன்று பாலத்தில் நான் வரைந்த படம் பிறகு வந்த தூறலில் கரைந்து பாழானதை மட்டும் மச்சான் கடைசிவரை கேலி செய்தார்.

மச்சான் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. போன கார்த்திகைக்கு, முழங்கால் முனகுவதைக் கேட்காமல், அந்தப் பாலத்தில் ஏறினேன். எங்கும் மாடி வீடுகள், சீரியல் பல்புகள், கடைகளின் வெளிச்சம். எது மேடு, எது பள்ளம் என்று ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வெளிச்சத்துக்கும் நடுவில் ஓர் இடம் மட்டும் இன்னும் இருட்டாக, அகலமாக, தண்ணீர் வாசனையோடு கிடந்தது. மச்சானின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.