டிவியில் முதலாவதாக ஓடியவள்

புனேயில் லோஹேகாவ் பக்கம் நடந்த பெரிய ஜெபக் கூட்டத்துக்கு மகளோடு போயிருந்தேன். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து கணவர் செல்போனில் கத்தினார்.

"ஸ்டெல்லா, அங்க நெரிசலாம்! டிவியில காட்டறாங்க. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய வந்துரு!"

சுற்றிலும் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்துப் பின்வரிசைகளும் ஓடின; நாற்காலிகள் சரிந்தன. ஒரு மராட்டிப் பெண் என் கையைப் பிடித்து, "காய் ஜாலா, தாயி?" என்றாள். என்ன ஆச்சென்று எனக்கே தெரியவில்லையே! நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தால், கணவர் பார்த்தது வேறு ஊர்க் கூட்டமாம். இப்போது டிவியில் எங்கள் மைதானம். 'கூட்டத்தில் பீதி' என்றார்கள். முதல் ஆளாக ஓடுவது நான்தான்.

அதிலிருந்து, யார் போனில் பதறினாலும் நாலு பக்கமும் பார்த்த பிறகே நாற்காலியை விட்டு எழுகிறேன்.