நாய் போய் நின்ற குடிசை

குற்றாலம் மலையில் நான் காட்டிலாகா கார்டாக இருந்த காலத்தில், நாய்க்கு மோப்பம் பழக்கியவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. இன்றும் தென்காசியில் யாராவது அந்தப் பேச்சைப் பெருமையாக எடுத்தால் எனக்கு உடம்பு கூசும். அவசர வேலை இருப்பதுபோல எழுந்து வந்துவிடுவேன்.

தேக்குத் திருட்டு மிகுந்துபோனதால் காட்டிலாகா துரைதான் அந்த நாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வெட்டுகிறவனை மோப்பத்திலேயே பிடிக்க வேண்டும், மூன்று மாதத்தில் பழக்கு என்றார். நாயைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியும் என்று தலையை ஆட்டிவிட்டேன். எனக்குக் கீழே ஒரு வாட்சர் இருந்தார். அவர் துண்டை நாய்க்கு மோக்கக் கொடுப்பேன். அவர் முன்னாலேயே மலையேறி ஒளிந்திருப்பார். நாய் தேடிப் பிடிக்கும். காய்ந்த தரையில் அது ஒருநாளும் தவறவில்லை.

சாரல் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. பாசி பிடித்த பாறை, முழங்கால் அளவுக்கு ஓடை, அதைத் தாண்டினால் மூங்கில்போல அடர்ந்த ஈத்தைக்காடு, காலெல்லாம் அட்டை. ஓடைக்கரையில் வாசம் அறுந்துபோகும். நாய் நின்று என் முகத்தைப் பார்க்கும். எனக்கு அப்போது கோபம் மூக்குக்கு மேல் வரும். தோல்வாரால் அடிப்பேன். எனக்குத் தெரியாத வேலைக்கு அதை அடித்தேன், வேறென்ன?

துரை சோதித்துப் பார்க்க வருகிற நாள் நெருங்கியது. நாய் தோற்றால் என்னை இந்த மலையிலேயே வைத்திருக்க மாட்டார். அப்போதுதான் அந்தக் குறுக்குப்புத்தி வந்தது. வாட்சரை விட்டுத் தென்காசிச் சந்தையில் கருவாடு வாங்கிவரச் சொன்னேன். எங்களுடையது சைவ வீடு. கருவாடு என்று வாயால் சொன்னாலே என் மனைவி முகத்தைச் சுளிப்பாள். வாட்சர் என்னைக் கேலி செய்து ஓய்ந்தபாடில்லை. அதை ஒரு தகர டப்பாவில் போட்டுப் பாறை இடுக்கில் ஒளித்துவைத்தேன். வாட்சர் தன் உள்ளங்காலில் அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டு மலையேறுவார். ஓடையில் மிதித்துத் தாண்டுகிற கல்லிலெல்லாம் தேய்ப்பார். நாய் கண்டுபிடித்ததும் ஒரு துண்டு அதற்குத் தின்னக் கிடைக்கும். நாலே நாளில் நாய் பறந்தது. துரை முன்னால் இரண்டு ஓடையைத் தாண்டிப் போய் வாட்சரைப் பிடித்தது. துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவிய கை அது.

அதோடு போயிருந்தால் ஏமாந்தது துரை மட்டும்தான். ஒரு மாதம் கழித்து மேல்சரிவில் நாலு தேக்கை வெட்டிவிட்டார்கள். அடிமரத்தின் பக்கத்தில் ஒரு பழைய துண்டு கிடந்தது. துரையே வந்துவிட்டார். துண்டை மோக்கக் கொடுத்தேன். நாய் ஈரத்தரையில் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. எஸ்டேட்டுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் கால் வைத்ததுதான் தாமதம், வால் நிமிர்ந்தது, கயிற்றை இழுத்துக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடியது. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. எஸ்டேட் கூலிகளுக்கு வாராவாரம் ஓலைப்பெட்டியில் கருவாடு சுமந்து போகிறவர் நடக்கிற பாதை அது. சாரலில் நனைந்து பெட்டி வழியெல்லாம் ஒழுகும். கயிறு என் கையில்தான் இருந்தது. நான் பிடித்து நிறுத்தவில்லை.

நாய் அவர் குடிசை வாசலில் போய் நின்று குரைத்தது. சாப்பாட்டுக் கையோடு அவர் வெளியே வந்தார். நாயைப் பார்த்துச் சிரித்தார்.

வாட்சர் என் முதுகுக்குப் பின்னால் வந்து மெல்லச் சொன்னார்: “அண்ணாச்சி, இது கருவாட்டு வாசம்லா. தொரைகிட்டச் சொல்லிருங்க.”

“வாய மூடும். ஒமக்கும் வேல போயிரும்” என்றேன்.

வேலை மட்டும்தான் காரணம் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். சைவ வீட்டுக்காரன் கருவாட்டைக் கையால் தொட்டான் என்று ஊர் சிரிக்குமே, வீட்டில் தெரிந்துபோகுமே என்பதுதான் எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. அற்பப் பயல் நான். பிடித்துக்கொண்டு போய், கூட்டாளி யார் என்று கேட்டு அந்த மனிதரை அடித்தார்கள். இல்லாத கூட்டாளிக்கு அவர் எந்தப் பெயரைச் சொல்வார்? கோர்ட்டில் நான் கூண்டில் ஏறி நின்று, நாய் நேராக இவர் வாசலுக்குத்தான் போனது என்று சாட்சி சொன்னேன். ஆறு மாதம் போட்டார்கள். எனக்குச் சம்பளம் உயர்ந்தது.

ஜெயிலிலிருந்து வெளியே வந்தபிறகு அவரைத் தென்காசிச் சந்தையில் பார்த்தேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அவரே பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். அவர் மனைவியைத் திருடன் வீட்டில் விடமாட்டோம் என்று அவள் அண்ணன்மார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். எத்தனையோ தடவை போய்க் கேட்டும் அனுப்பவில்லையாம்.

“ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. நாயிக்கு எப்பமாவது தப்புமா? தப்பும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். அதச் சொல்லி அவளக் கூட்டிட்டு வந்துருவேன்.”

சந்தையில் எங்களைச் சுற்றி ஆள் நின்றது. எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

“தப்பாது” என்றேன்.

“அப்பம் நாந்தான் அந்தப் பக்கமா நடந்திருக்கேன் போல. எனக்குத்தான் நெனவில்ல. வாயில்லாச் சீவன் எதுக்குப் பொய் சொல்லப்போவுது” என்றார்.

பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கினார். தனியாகத் தூக்க முடியவில்லை. மறுபக்கம் பிடித்து அவர் தலையில் ஏற்றிவிட்டது நான்தான்.