மேனேஜருக்குப் போட்ட முதல் ஊசி

கம்பவுண்டர் மருந்துக் குப்பியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். குலுக்கினால் நுரை தட்டிவிடும். உருட்டி முடித்து, குப்பியைக் கவிழ்த்து, ஒரே ஒரு யூனிட் இழுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குமிழி இல்லை.

முப்பத்துநாலு வருஷம் ஒரே கிளினிக்கில் ஊசி போட்ட கை அது. கிளினிக்கை மூடிய பிறகும், டாக்டர் சீட்டோடு தெருக்காரர்கள் அவர் வீட்டு முன்னறைக்குத்தான் வருவார்கள். "போடுங்க சார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பவர்களிடம், "எப்பவோ போட்டாச்சு, சட்டையை இறக்கு" என்பார். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத மனிதர். பெருமை என்று இருந்தது இது ஒன்றுதான்.

இன்றைய நோயாளி ஒரு பூனை. கிளினிக் மூடிய அன்று மருந்து அலமாரி ஒன்றை அவருக்குக் கொடுத்தார்கள். அதன்மேல் படுத்திருந்த பூனையும் வண்டியில் கூடவே வந்துவிட்டது. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்க்கிறது என்று அக்காதான் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து தங்கியவள். பதினோரு வருஷச் சர்க்கரைக்காரி, தினமும் இன்சுலின் ஊசி.

மேனேஜர் வாளித் தண்ணீரை நக்கி நக்கிக் குடிப்பதையும், முதுகெலும்பு துருத்துவதையும் முதலில் கவனித்தவளும் அவள்தான். "இது என் வியாதிடா" என்றாள். "உனக்கு எதைப் பாத்தாலும் உன் வியாதிதான்" என்று அவர் சிரித்தார். ஒரு மாதம் கழித்து மிருக டாக்டரம்மாவும் அதையே சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த டாக்டரம்மா சின்னப் பெண். நிதானமாகத்தான் சொன்னாள். "முதல்ல சாப்பாடு வைங்க சார். சாப்பிட்டதைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் ஊசி. சாப்பிடலன்னா போடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க."

"எங்க அக்காவுக்குப் பதினோரு வருஷமா நான்தாம்மா போடறேன்."

அவர் காதில் வாங்கினார், மனசில் வாங்கவில்லை. அக்காவுக்கு முதலில் ஊசி, அரை மணி கழித்துச் சாப்பாடு. கை அந்தப் பழக்கத்திலேயே ஊறிப்போயிருந்தது. காலை ஏழு மணிக்கு மேனேஜரின் பிடரித் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து ஊசியைப் போட்டுவிட்டார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா, தெரியவே இல்ல அதுக்கு!"

"ஆமா, பெரிய சாதனை. போய் என் ஊசியை எடுத்துட்டு வா" என்றாள் அக்கா.

ஏழரைக்குத் தட்டில் வேகவைத்த மீனைப் பிய்த்து வைத்தார். மேனேஜர் முகர்ந்து பார்த்தது. தட்டைச் சுற்றித் தரையை இரண்டு முறை பிறாண்டிவிட்டு அலமாரிமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பசித்தால் தானே வரும் என்று அவர் கடைக்குப் போனார்.

பத்து மணிக்குத் திரும்பியபோது அது தரையில் நின்றுகொண்டிருந்தது. பின்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. இரண்டடி நடந்து சுவரில் இடித்து அப்படியே உட்கார்ந்தது. வாயோரம் எச்சில். கூப்பிட்டால் காது அசையவில்லை.

கம்பவுண்டர் நாடி பார்க்கக் குனிந்தார். பூனைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. காய்ச்சலா, விஷமா, எதையாவது தின்றுவிட்டதா என்று முணுமுணுத்தபடி மண்டியிட்டுக் கிடந்தார். எத்தனையோ பேரைத் தொட்ட கைக்கு இப்போது செய்ய ஒன்றும் இல்லை.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டே வந்து பார்த்தாள். "டேய், சர்க்கரை இறங்கிருச்சுடா. எனக்கு இப்படித்தான் வரும். சாப்பிட்டுச்சா அது?"

அவர் தட்டைப் பார்த்தார். மீன் காய்ந்துபோய் அப்படியே கிடந்தது.

"சாப்பிடாமயா போட்ட?"

அக்கா தனக்கென்று தலையணைக்கு அடியில் வைத்திருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "ஊத்தாத, புரையேறும். ஈறுல தடவு." விரலை நனைத்துத் தொட்டுத் தடவினார். பிறகு மேனேஜரைத் துண்டில் சுற்றிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

டாக்டரம்மா திட்டவில்லை. முன்காலில் மயிரை மழித்து, சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. நரம்பு கிடைக்காமல் அவள் இரண்டு முறை குத்தியபோது, நான் பார்க்கட்டுமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். சாயங்காலம் வரை வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவள் சொன்னாள். "பிழைச்சிருச்சு. ஆனா இன்னைக்குத் தப்பிச்சது தினமும் தப்பிக்கும்னு சொல்ல முடியாது. ராத்திரி ஊசி வேணாம். காலையில பாதித் தட்டாவது காலியானா மட்டும் அரை யூனிட். இல்லன்னா போடாம கூட்டிட்டு வாங்க."

"போடலன்னா வியாதி ஏறுமே டாக்டர்?"

"ஏறும்தான் சார்."

மறுநாள் காலை ஆறரைக்கே மீனைப் பிய்த்து வைத்துவிட்டு, தட்டுக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குப்பியை வெளியே எடுக்கவில்லை. மேனேஜர் வந்தது. இரண்டு வாய் தின்றது. மூன்றாவது வாயை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது.

"இன்னும் ஒரு வாய் சாப்பிடு சார்" என்றார். அது போய்விட்டது.

ஏழரை வரை காத்திருந்தார். மீனை அடுப்பில் லேசாகச் சூடு காட்டி மறுபடி வைத்தார். தொடவில்லை. எழுந்துபோய் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். பத்து மணிக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

"எனக்காவது போடுவியா, இல்ல எனக்கும் லீவா?" என்று கேட்டாள் அக்கா.

போட்டார். அரை மணி கழித்து அவள் தட்டையும் கொண்டுவந்து வைத்தார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, அவள் கடைசி வாயை விழுங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவர் கூடையில் பழைய துண்டை விரித்து, மேனேஜரை அலமாரிமேலிருந்து இறக்கினார்.