பென்டிரைவில் அவர் அழித்த குரல்

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு முந்தின வாரம் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளுக்கு நைட்டி சரக்குப் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். சில வருடம் ஆகிவிட்டது.

தளவாய்புரத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு நைட்டி தைக்கும் யூனிட். பெண்கள் தூங்கி வழியாமல் இருக்க, என் கணவர் ஸ்பீக்கரில் பென்டிரைவைச் செருகிப் பாட்டுப் போடுவார். வெறும் பாட்டா? மனுஷனுக்குப் பெரிய ரேடியோக்காரர் என்று நினைப்பு! பாட்டுக்கு நடுநடுவே தன் குரலையும் பதிந்து ஏற்றியிருப்பார். "அடுத்த பாட்டு நம்ம ஓவர்லாக் மிஷின் அக்காமாருக்கு", "டீ ஆறுது, எந்திரிங்க தாயி" என்று. பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

மாரடைப்பில் அவர் போன பிறகும் அந்தக் குரல்தான் எங்கள் யூனிட்டை ஓட்டியது. அவர் பதிந்த போன் எப்போதோ பாழாய்ப் போயிருந்தது. பென்டிரைவில் இருப்பதை இன்னொரு இடத்திலும் ஏற்றிவைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஆடிக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒருநாள் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

நான் கொண்டுபோன பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டரில் செருகினார். பார்மட் பண்ணவா என்று அது கேட்டதாம். "பண்ணுனா புதுசு மாதிரி ஓடும்க்கா" என்றார். மிஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஏதோ வைத்தியம் போல என்று நினைத்து, சரியென்று தலையாட்டிவிட்டேன்.

"ஐயையோ, அமுக்கிராதீங்கண்ணே! உள்ள இருக்கறது அம்புட்டும் போயிரும்!"

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவளாம். விஷயத்தைச் சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிவிட்டது. "புதுசா எதையும் ஏத்தாம இருந்தா எடுத்துப் பாக்கலாம்க்கா. எங்கிட்ட குடுத்துட்டுப் போறீகளா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன். ஊர் திரும்ப ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், முன்பின் தெரியாதவளிடம் அவர் குரலையே தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறோமே, கிறுக்கா பிடித்திருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள், விலாசம் விசாரித்து யூனிட்டுக்கே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் புது பென்டிரைவில் ஏற்றி, பீரோவில் வைக்க இன்னொன்றும் கொண்டு வந்திருந்தாள். "அவிய அழிச்சதும் சேந்து வந்திருக்குக்கா. கேளுங்க" என்று ஸ்பீக்கரில் செருகினாள்.

பென்டிரைவில் ஏற்றிய பிறகு, சரியாக வரவில்லை என்று அவர் அழித்துப்போட்டவை. தொண்டையைச் செருமுகிறார். நாக்குக் குழறித் தானே சிரிக்கிறார். ஒன்றில், அடுப்படியிலிருந்து என் குரல்! "அங்க ஒத்தையில என்ன பேச்சு? சோறு ஆறுது, வாங்க!" அவர் குரலைத் தாழ்த்தி, "இந்தா வாரேன், கோவிச்சுக்கிராத" என்கிறார்.

மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். அந்தப் பெண் எதுவும் வாங்க மறுத்தாள். வம்படியாக ஒரு நைட்டியைக் கையில் திணித்து அனுப்பினேன். அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

யூனிட்டில் இப்போதும் அவர் ரேடியோக்காரராகத்தான் பேசுகிறார். எனக்கு, வேண்டாமென்று அவர் அழித்த அந்த ‘வாரேன்’தான் தினமும் மத்தியானச் சோற்றுக்குத் துணை.